நொய்யல் மண்ணின் நஞ்சும் நாட்டுத் தாவரங்களும்

(மகாவீரர் ஜயந்தி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது தொல்காப்பியம். சமண நூல்கள் இன்னும் ஒரு படி சென்று, நிலத்தையும் நீரையுமே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்று கூறுகின்றன. அவ்வாறாயின், நஞ்சேறிய நிலத்தில் ஒரு செடியை நட்டு அந்நிலத்தைத் தேற்ற முயல்வது, ஓரறிவுயிர் ஒன்று மற்றோர் ஓரறிவுயிர்க்குச் செய்யும் மருத்துவம் எனலாம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. கேட்பதற்கு இனிய பொருள். அதனாலேயே கணக்குப் பாராமல் நம்பிவிடுவதற்கும் எளிய பொருள். ஆகவே இவ்வுரையில் செடிகளின் பெருமையோடு கணக்கும் இடம்பெறுகிறது.

சாயத்தின் நிறம் வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். உலோகம் அவ்வாறு சிதைவதில்லை. குரோமியமும் செம்பும் ஈயமும் ஒருமுறை மண்ணில் இறங்கினால், இடம் மாறலாம், வேறொரு பொருளோடு கூடி வடிவம் மாறலாம், இல்லாமற் போகா. அவற்றை நீக்க வேண்டுமானால் மண்ணையே வெட்டி எடுத்துக் காப்புக் குழியில் புதைக்க வேண்டும். அல்லது மண்ணைக் கழுவ வேண்டும். இரண்டும் பெருஞ்செலவு. ஒரு தொழிற்சாலை வளாகத்திற்கு அது இயலும். ஓர் ஆற்றின் இரு கரைக்கும் இயலாது. இந்த இடத்தில்தான் அறிஞர்கள் செடிகளை நாடினர்.

உலோகம் மிகுந்த மண்ணில் பெரும்பாலான பயிர்கள் வாடும். சில தாவரங்களோ அதனை உண்டு கொழிக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம் உண்டு. அதன் பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். உலர்ந்த அப்பாலின் எடையில் கால் பங்கு நிக்கல் என்பது 1976ஆம் ஆண்டில் வெளியுலகிற்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு, ஒரு கிலோ உலர் இலையில் 1000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கலைச் சேர்க்கும் தாவரங்களுக்கு நியூசிலாந்து அறிஞர் புரூக்ஸ் குழுவினர் தனிப்பெயரே சூட்டினர். 2001இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மரத்துக்கு மருந்தேற்றும் ஆலையொன்று இருந்த நிலத்தில், ஆர்செனிக்கை அள்ளி இலையில் சேர்க்கும் ஒரு பன்னச் செடியைக் கண்டறிந்தனர். அந்தப் பன்னம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சுவர்களிலும் வளர்வதுதான். மலேசியாவின் சபா மாநிலத்தில் நிக்கலுக்காகவே பயிரிட்டுப் பார்க்கப்படும் செடி, நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் உடன்பிறப்பு எனத்தக்க பேரினத்தைச் சேர்ந்தது. 

தமிழகத்துச் சுரங்கங்களில் நடப்பது சற்றே வேறு. சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தின் மண் மேடுகளில் நிக்கலும் குரோமியமும் இயற்கையாகவே உள்ளன. ஏற்காட்டில் பாக்சைட் வெட்டிய நிலங்கள் உள்ளன. அங்கெல்லாம் முதற்குறை உலோகத்தின் மிகுதியன்று, மேல்மண்ணே இல்லாமை. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பாக்சைட் கழிவு மண்ணில் மரக்கன்றுகளை நடும்போது, வேரோடு கூடி வாழும் பூசணங்களைச் சேர்த்து நட்டுப் பார்த்தனர். உணவைத் தேடி வேர் போக முடியாத தொலைவுக்குப் பூசண இழை போகும்; அதனால் கன்று பிழைக்கும். செடியை மட்டும் கொண்டுபோய் நட்டால் போதாது, அதன் துணையுயிர்களையும் உடன் கொண்டுபோக வேண்டும் என்பது அச்சுரங்க மண் தந்த பாடம். திருப்பூருக்கும் அது பொருந்தும்.

திருப்பூரில் சுரங்கம் ஏது என்று கேட்கலாம். சுரங்கம் இல்லை; சாயத்தொட்டி உண்டு. பருத்தித் துணியில் மயில்நீலமும் கிளிப்பச்சையும் ஏறுவதற்குப் பயன்படும் சாயங்களுள் சிலவற்றின் மூலக்கூற்றின் நடுவிலேயே செம்பு அணு அமர்ந்திருக்கிறது. வேறு சில சாயங்களில் குரோமியமோ கோபால்ட்டோ உண்டு. நொய்யலின் படிவுகளில் குரோமியம், செம்பு, துத்தநாகம், ஈயம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்துள்ளனர். ஆயினும் உலோகத்தை முந்திக்கொண்டு நிலத்தைக் கெடுத்தது உப்பு. அடர்நிறம் ஏற்றச் சாயநீரில் லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பிடுவது பனியன் தொழிலில் உள்ள எவரும் அறிந்தது. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் நீர் என்று கொண்டாலும், கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு. துணி உடுத்தப்படக் கப்பலேறிற்று. உப்பு இங்கேயே தங்கிற்று.

தமிழில் இத்தகைய நிலத்துக்குக் களர் என்றும் உவர் என்றும் பழம்பெயர்கள் உண்டு. கல்லாதவரைக் களர்நிலத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். முற்காலத்தில் உவர்மண்ணைக் குழைத்துத்தான் துணி வெளுத்தனர். மண் துணியைத் தூய்மை செய்தது. துணிக்காக மண் உவரானது பிற்காலத்துக் கதை.

அக்கதையைச் சுருங்கக் கூறலாம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யல். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காக எழுந்த அவ்வணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. மீன்கள் செத்து மிதந்தன. அணை நீரைத் திறந்துவிட வேண்டாம், தேக்கவும் வேண்டாம் என்று உழவரே வேண்டும் நிலை வந்தது. அணைக்காகப் போராடும் உழவரையே கண்ட நாட்டில் இது புதுமை. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்நாட்களில் வேலையிழந்து ஊர் திரும்பிய தொழிலாளர் துயரும் பெரிது. அதனை மறந்து உழவர் துயரை மட்டும் பேசுவது நடுநிலை ஆகாது. பின்னர் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் கொண்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாகத் தொழில் மீண்டது. நீரும் உப்பும் மீட்டெடுக்கப்பட்டு மறுபடி பயன்படுகின்றன. இந்தியாவில் வேறெந்த ஆடை நகரமும் அவ்வளவு பெரிய அளவில் முன்னரே செய்திராத செயல் அது.

ஆனால் நீதிமன்ற ஆணை மண்ணுக்குள் இறங்காது. முன்பே இறங்கியது அங்கேயே இருக்கிறது. அதற்குச் செடி என்ன செய்யும் என்பதே கேள்வி.

முதலில் உப்பு. கடற்கரைச் சேற்றில் வளரும் உமரியும் வங்காரவள்ளையும் உப்பைத் தம் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கும் செடிகள். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மாதங்களில் ஒரு ஹெக்டேர் நிலத்திலிருந்து உமரி ஏறத்தாழ 504 கிலோவும், வங்காரவள்ளை 474 கிலோவும் உப்பை வெளியேற்ற வல்லவை. தமிழ் மண்ணின் செடிகளைக் கொண்டு தமிழ் மண்ணில் கிடைத்த விடை என்பதால் இது பெருமைக்குரியது.

இப்போது கணக்கு. லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள கிணற்றுநீரை ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் நிலத்துக்கு, ஆண்டு முழுவதிலும் சேர்த்து 500 மில்லிமீட்டர் உயரம் பாய்ச்சுவதாகக் கொள்வோம். அது 50 லட்சம் லிட்டர் நீர்; அதோடு நிலத்தில் இறங்கும் உப்பு 15 டன். உமரி ஒரு போகத்தில் எடுப்பது அரை டன். ஆண்டுக்கு மூன்று போகம் வளர்த்தாலும் ஒன்றரை டன். ஓர் ஆண்டின் பாசனம் இறக்கிய உப்பை எடுக்கப் பத்து ஆண்டு ஆகும். மழை ஒரு பகுதியைக் கழுவும் என்பது உண்மை. ஜிப்சம் இட்டால் களிமண்ணைப் பற்றிய சோடியம் விடுபட்டு மழைநீரோடு கீழிறங்கும் என்பதும் உண்மை. ஆயின் கீழிறங்கியது கிணற்றில்தான் சேரும். அக்கிணற்று நீரையே மறுபடி இறைத்துப் பாய்ச்சினால் உப்பு சுற்றிச் சுற்றி வரும். கழிவுநீர் சிறு குழாயில் இரவு நேரத்தில் கசிந்தாலும் செடியின் பத்தாண்டு உழைப்பு வீண் என்பதை இக்கணக்கே காட்டும். குழாயை அடைப்பதுதான் முதல் மருந்து. செடி அதற்குப் பின் தரும் பத்தியம்.

உலோகத்தின் கணக்கு இதனினும் கடுமையானது. ஒரு ஹெக்டேரில் ஒரு சாண் ஆழத்து மேல்மண்ணின் எடை ஏறத்தாழ 2,600 டன். அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் உலோகம் கூடுதலாக இருந்தால் மொத்தம் 260 கிலோ. ஆண்டுக்குப் பத்து டன் உலர் எடை தரும் ஒரு பயிர், தன் உடலில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் உலோகத்தைச் சேர்த்தாலும் எடுப்பது ஆண்டுக்கு ஒரு கிலோ. 260 ஆண்டு வேண்டும். கடுகுச் செடி ஈயத்தையும் குரோமியத்தையும் உறிஞ்சும் என்று புகழப்படுவது உண்மையே. ஆனால் திருப்பூரின் சுண்ணாம்பு கலந்த காரமண்ணில் பெரும்பாலான உலோகங்கள் மண்ணோடு இறுகிக் கிடப்பதால், வேருக்கு அவை எளிதில் எட்டுவதில்லை. கரைக்கும் வேதிப்பொருளை ஊற்றி எட்டச் செய்யலாம். அப்போது செடி குடிப்பதற்கு முன் நிலத்தடி நீர் குடித்துவிடும். குரோமியத்தின் ஒரு வடிவமோ காரமண்ணிலும் இறுகாமல் நீரோடு ஓடுவது. இராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு லட்சக்கணக்கான டன் குவிந்து கிடந்து, மழைதோறும் மஞ்சள் நீராகக் கசிந்தது அதற்குச் சான்று. அத்தகைய குவியலைச் செடி நட்டுத் தீர்த்துவிடலாம் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டுவதில்லை.

அப்படியானால் செடியால் பயனில்லையா? பெரும்பயன் உண்டு, வேறொரு வேலையில். உறிஞ்சி எடுக்கும் வேலையை விடுத்து, பிடித்து வைக்கும் வேலையைச் செடிக்குக் கொடுக்க வேண்டும். வெற்று நிலத்தின் புழுதி ஆடி மாதக் காற்றில் எழுந்து வீடு சேரும். வெற்றுக் கரையின் மண் ஐப்பசி மழையில் கரைந்து ஆறு சேரும். இரண்டோடும் உலோகம் பயணம் செய்யும். வேர் அம்மண்ணைக் கட்டிப்போடும். வேரைச் சூழ்ந்த பூசணமும் நுண்ணுயிரும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். உதிர்ந்த இலை மக்கி மேலும் கட்டும்.

இவ்வேலைக்கு வெட்டிவேரைப் போன்ற துணை வேறில்லை. அதன் தமிழ்ப்பெயரே ஆங்கிலம் உள்ளிட்ட உலக மொழிகளில் வழங்குகிறது. வேர் நேர் கீழாக மூன்று மீட்டருக்கும் மேல் இறங்கும். உறிஞ்சிய உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்தி, தாளுக்குச் சிறிதே அனுப்பும். தென்னாட்டில் பயிரிடும் வகை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை; ஆதலால் களையாகப் பரவும் அச்சமும் இல்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். வெட்டிவேரைப் பானை நீரில் இட்டுப் பருகுவது தமிழர் வழக்கம். நொய்யல் கரையில் காவலுக்கு நின்ற வேர் பானைக்கு வரலாகாது. உமரிக்கும் வங்காரவள்ளைக்கும் அதே விதி: கடற்கரையில் அவை கீரை, கழிவு நிலத்தில் அவை கீரை ஆகா.

மரங்களில் வேம்பும் புங்கனும் கருவேலும் ஓரளவு உப்பைத் தாங்கும். உகா மரம் மிகுதியாகவே தாங்கும். 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் இவ்வட்டாரத்தில் மரம் நடுதலை ஊர்ப்பழக்கமாக்கியிருக்கிறது. அதன் கன்றுகளுள் ஒரு பங்கு நொய்யலின் உவர்க்கரைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்படுமானால், வேர்ப்பூசணம் கலந்த நாற்றங்கால் மண்ணில் ஓராண்டு வளர்ந்த கன்றாக நடப்படுமானால், பிழைக்கும் எண்ணிக்கை கூடும்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒரு சொல். அது அயல்நாட்டு மரம், நீர்நிலைகளை விழுங்கியது, வெட்ட வேண்டியதே. ஆனால் நஞ்சேறிய கரையில் அதனை ஒரே நாளில் வேரோடு பறித்து வெறும் மண்ணாக விட்டுவிடுவது, புண்ணின் பொருக்கைப் பிய்ப்பது போன்றது. பக்கத்தில் நாட்டுமரம் வேரூன்றிய பின் வரிசை வரிசையாக அகற்றலாம். அவ்விடத்து விறகு கொதிகலனுக்குப் போனால், சாம்பலில் உலோகம் செறிந்திருக்கும் என்பதையும், அச்சாம்பல் தோட்டத்து உரமாகக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, இவ்வவையினர் உற்றுக் கேட்க வேண்டிய பகுதி. காங்கயம், தாராபுரம் பகுதிகளின் பெருஞ்செல்வம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். முள்கிளுவை வேலி, நடுவே வெள்வேல் மரம், கீழே கொழுக்கட்டைப்புல். மழை குறைந்த இம்மண்ணில் காங்கயம் மாடு உருப்பெற்றது அந்நிலத்தில்தான். மண்ணைப் பிடிக்கவும் வறட்சியைத் தாங்கவும் கொழுக்கட்டைப்புல்லைவிடச் சிறந்த நாட்டுப்புல் அரிது. இடர்ப்பாடும் அங்கேயே உள்ளது. மண்ணைக் காக்கச் சிறந்த புல்லே மாடு விரும்பும் புல்லும் ஆகும். நஞ்சேறிய நிலத்தில் அதனை விதைத்தால், வேலியைத் தாண்டி ஆடுமாடு வரும். புல்லில் உள்ளதும் புல்லோடு ஒட்டிய மண்ணும் அதன் வயிற்றுக்குப் போகும். சில உலோகங்கள் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும், சிறிதளவு பாலிலும் வரும். நிலத்தைத் தேற்றப் போய் வாயில்லா உயிரை வருத்தியதாகும்.

ஆகையால் சோதனையில் உலோகம் மிகுந்ததாகத் தெரிந்த நிலத்தில் ஆடுமாடு தொடாத செடிகளையே முதலில் வைக்க வேண்டும். ஆடு தொடாத இலை என்பதே ஆடாதோடை என்னும் பெயராயிற்று என்பர். எருக்கு, ஆவாரை, நொச்சி ஆகியவையும் மேய்ச்சலுக்கு அஞ்சாதவை. முற்றிய வெட்டிவேர்த் தாளையும் மாடு விரும்பாது. இவற்றுள் எது எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதை நிலத்தின் ஓர் ஓரத்தில் ஓராண்டு வைத்துப் பார்த்த பின்பே பரப்ப வேண்டும். ஆடாதோடையும் ஆவாரையும் மருந்துச் செடிகள் என்பதால், அங்கிருந்து இலை பறிப்பதையும் தடுக்க வேண்டியிருக்கும்.

கோசாலைகளுக்குத் தீவனம் வாங்குவோர்க்கு இது நேரடியான செய்தி. சாயநீரும் சாக்கடை நீரும் பாய்ந்த நிலங்களில் நெல்லும் மஞ்சளும் பொய்த்த பிறகு, உழவர் நாடிய பயிர்களுள் ஒன்று தீவனப்புல். கம்பு நேப்பியரும் எருமைப்புல்லும் கெட்ட நீரிலும் செழித்து வளரும். பசுமையாக இருப்பதால் தூயது என்று எண்ணத் தோன்றும். தீவனம் எக்கிணற்று நீரில் வளர்ந்தது என்று கேட்பதும், ஆண்டுக்கு ஒருமுறை புல்லைச் சோதனைக்கு அனுப்புவதும் ஜீவதயையின் கணக்கில் சேர வேண்டிய செலவு. புல் விற்கும் உழவரைப் பழிப்பது முறையன்று. அவர் நிலத்தைக் கெடுத்தவர் அவரல்லர். தூய நீரில் வளர்ந்த தீவனத்துக்குக் கிலோவுக்குச் சில காசு கூட்டிக் கொடுப்பதாகச் சொன்னால், அவரே நல்ல கிணற்றைத் தேடுவார்.

மண் சோதனை குறித்து ஒரு குழப்பம் பரவலாக உள்ளது. 2015 முதல் அரசு வழங்கும் மண்வள அட்டையில் பன்னிரண்டு கூறுகள் உண்டு. கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், போரான் இவற்றோடு துத்தநாகம், செம்பு, இரும்பு, மாங்கனீசும் உண்டு. குரோமியம், ஈயம், காட்மியம் இல்லை. செம்பும் துத்தநாகமும்கூடப் பயிருக்குப் போதுமா என்று அறியவே அளக்கப்படுகின்றன. நஞ்சாகும் அளவா என்று அறிய அன்று. ஆகவே ‘அட்டை வாங்கியாயிற்று, மண் நலம்’ என்று இருந்துவிட இயலாது. மொத்த உலோக அளவைத் தனியே கேட்டுச் சோதிக்க வேண்டும்.

திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். சாக்கடையும் சாயக்கழிவும் பல்லாண்டு வந்து சேர்ந்த நீர்நிலை அது. 2022இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சம்பங்கோரை போன்ற நீர்ச்செடிகள் வேரடியில் உலோகத்தையும் சேற்றையும் நிறுத்தும் இயல்புடையவை. நீர்நிலையைத் தூய்மை செய்கிறோம் என்று கோரையை முழுதும் அரித்தெடுத்தால், அடியில் அடங்கிக் கிடந்தது கலங்கி மேலெழும். அழகுபடுத்தும் ஆர்வமுடையோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

வெட்டிவேர் நாற்றைப் புரட்டாசியின் முதல் மழையில் வைத்தால் வடகிழக்குப் பருவத்துக்குள் வேர் பிடித்துவிடும். கரைச் சரிவில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் ஆள் உயரம் இருக்கலாம். வரிசைக்குள் நாற்றுக்கு நாற்று அரை அடிக்கு மேல் இடைவெளி கூடாது. முதல் இரண்டு கோடைக்கு நீர் வேண்டும். அந்நீரை ஊற்றுமுன் அதன் உப்பை அளந்துவிட வேண்டும். கையடக்கக் கருவி ஒன்று போதும், கிணற்றங்கரையிலேயே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.